அடுத்த வருஷத்துக் கிடா

1

ஆட்டுக்கும் எனக்கும் என்ன உறவு என்று அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில், கம்பி வேலி போட்ட ஒரு தென்னந்தோப்பு. வாசலில் ஒரு மேஜை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நூல் கட்டிய பேனா. லாரியில் மூச்சுவிட இடமில்லாமல் அடைத்துக்கொண்டு போனபோது பிடிபட்ட செம்மறிகள், கால் ஒடிந்து ரோட்டோரம் தள்ளிவிடப்பட்டவை, சாமிக்கு நேர்ந்துவிட்டுப் பிறகு யாரும் வந்து கேட்காதவை என்று முப்பது முப்பத்தைந்து ஆடுகளை அங்கே வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நடத்துகிறவர் வைதேகி மாமி. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்க்க வருகிற எல்லோரும் படிவம் நிரப்ப வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம்.

ஜெர்மனிக்குப் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. படிவம் நிரப்புவதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. பிறந்த ஊர், பிறக்காத ஊர், போன வருஷம் எத்தனை நாள் எங்கே தூங்கினேன் என்பது வரைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொள்ளிடக் கரையில் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பேனா நகரவில்லை.

பக்கத்தில் என் மகள் கயல் நின்றிருந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. நாங்கள் பார்க்க வந்த கிடாவுக்கும் பதினொரு வயது. என்ன கேட்கிறார்கள் என்று ஜெர்மனில் கேட்டாள். சொன்னேன்.

"என்னுடையது என்று எழுது" என்றாள், அதையும் ஜெர்மனில்தான்.

"குடும்பம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

2

கயல் பிரேமன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஏழாம் மாசம் முடிவதற்குள் பிறந்துவிட்டாள். உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்தால் அடங்கிவிடுவாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே கிடந்த அவளைத் தொடுவதற்கு எனக்கு நாலு நாள் தைரியம் வரவில்லை.

மூன்றாவது நாள் டாக்டரம்மா வந்து, நுரையீரலுக்கு ஒரு மருந்து கொடுக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டார். நான் நம்மூர் வழக்கப்படி தலையை ஆட்டினேன். இடமும் வலமுமாக, நன்றாக, பலமாக. அவர் முகம் மாறிவிட்டது. மறுபடி கேட்டார். இன்னும் பலமாக ஆட்டினேன். வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். எனக்கோ அழுகையில் ஜெர்மன் மொத்தமும் போய்விட்டது. கடைசியில் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கையெழுத்துப் போட்ட பிறகுதான் மருந்து ஏறியது. அந்த இடைவெளி பத்து நிமிஷம் இருக்கும்.

அன்று சாயங்காலம் எங்கள் ஊருக்கு, வையம்பட்டிக்கு, போன் செய்தேன். எங்களுடையது ஆடு வளர்க்கிற குடும்பம். அப்பா அப்போதும் நாற்பது செம்மறி வைத்திருந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "நீ வையிப்பா" என்று மட்டும் சொன்னார். நேராகக் கருப்பு கோயிலுக்குப் போயிருக்கிறார். பேத்தி பிழைத்து வந்தால் அவள் கையாலேயே தண்ணீர் தெளித்துக் கிடா வெட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டு, அந்த வாரம் பிறந்த ஒரு கறுப்புக் குட்டியை நேர்ந்துவிட்டார்.

அவள் கையாலேயே என்ற அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கிடாவைச் சாமி முன்னால் நிறுத்தித் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்புகிற வரைக்கும் யாரும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நான் சின்னவனாக இருந்தபோது ஒரு கிடா ரெண்டு மணி நேரம் சிலுப்பாமல் நின்றது. மழை வேறு. "என்ன குத்தம்னு சொல்லுப்பா" என்று கும்பிட்டபடி அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். சோற்றுப் பானை எல்லாம் ஆறிப்போய்விட்டது.

3

வைகாசியில் கருப்புக்குப் படையல். வருஷா வருஷம் அப்பா அந்தக் கிடாவைக் குளிப்பாட்டிக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போவார். சாமி முன்னால் நிறுத்தி, "இந்த வருஷம் வரல. லீவு கெடைக்கலையாம். அடுத்த வருஷம் வந்துருவாங்க, பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓட்டிக்கொண்டு வருவார். பத்து தடவை இப்படிச் சொல்லியிருக்கிறார்.

ஒவ்வொரு தடவையும் அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். முதல் வருஷம் குழந்தை விமானத்தில் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார், அது நிஜம். பிறகு கப்பல் பட்டறையில் வேலை ஒப்பந்தம் முடிகிற நேரம். எனக்கு அங்கே வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அப்புறம் மனைவிக்கு நர்சிங் பரீட்சை. அப்புறம் கொரோனா. நடுவில் ஒரு தடவை நான் மட்டும் பத்து நாள் வந்துவிட்டுப் போனேன். கயல் வராததால் அது கணக்கில் சேரவில்லை. அவள் போட்ட கவுன் ஒன்றை அனுப்பினால் போதும், அதைக் கிடா மேல் சாத்திவிட்டுத் தண்ணீர் தெளித்துவிடலாம் என்று ஊரில் ஒரு பெரியவர் வழி சொன்னார். நானும் சந்தோஷமாகப் பார்சல் கட்டினேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"துணிக்கா நேர்ந்தேன்?"

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் மற்றதை எல்லாம் எழுதினால் அது வெறும் புலம்பல். கயலுக்கு ஆறு வயசு ஆனபோது ஒரு வைகாசியில் எனக்கு மூன்று வாரம் லீவு கிடைத்தது. டிக்கெட் பார்த்தேன். வெயில், கொசு, சொந்தக்காரர்கள் வீடு வீடாகச் சாப்பாடு, குழந்தைக்கு வயிறு கெட்டுப்போகும் என்று நாங்களே பேசிப் பேசி, ஸ்பெயினில் ஒரு கடற்கரைக்குப் போனோம். அப்பாவிடம் லீவு கிடைக்கவில்லை என்றேன். அவர் அதைக் கருப்பிடம் அப்படியே சொன்னார். என் பொய்யை அவர் வாயால் சாமியிடம் சொல்லவைத்தேன்.

வீடியோ காலில் அவர் முதலில் கிடாவைத்தான் காட்டுவார்.

"பாரு கண்ணு, உன் கிடா. நீ வந்து தண்ணி தெளிச்சா இவன் தலைய சிலுப்புவான். சாமி சரின்னு சொல்லிருச்சுன்னு அர்த்தம்."

"அப்புறம் என்ன செய்வீங்க தாத்தா?"

"அப்புறம் ஊருக்கே சோறு."

கயல் வாயிலிருந்து தமிழ் வந்தது தாத்தாவிடம் மட்டும்தான். எங்களிடம் ஜெர்மன். தாத்தாவிடம் நீங்க வாங்க என்று மரியாதையாகப் பேச வேண்டும் என்று அவள் அம்மா பழக்கியிருந்தாள். அந்தச் சோறு எதனால் ஆனது என்று ஒன்பது வயதில் அவளுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து கறியைத் தொடுவதில்லை. தாத்தாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

4

போன வருஷம் அப்பா இறந்தபோது என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அவசரம் என்று போன் செய்தேன், மெயில் எழுதினேன், நேரில் போய் நின்றேன். மூன்று நாள் ஆகும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அங்கே நின்ற எல்லோருக்கும் யாரோ ஒருவர் செத்துக்கொண்டுதான் இருந்தார். ஊரில் மூன்று நாள் வைத்திருக்க மாட்டார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் கப்பல் பட்டறையின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். பக்கத்து மேஜையில் ஒருவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

ஆடுகளை எல்லாம் விற்றுவிட்டார்கள். அந்தக் கிடாவை மட்டும் யாரும் வாங்கவில்லை. நேர்ந்த கிடாவை விற்கவும் முடியாது, வேறு யாரும் வெட்டவும் முடியாது. கட்டிப்போடக்கூடப் பயந்தார்கள். அது பாட்டுக்கு ஊரைச் சுற்றியது. தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிற என் அக்கா சாந்திக்குத்தான் ஊரிலிருந்து தினமும் போன்.

"உங்க அப்பா கிடா எங்க சோளத்த மேஞ்சுட்டுப் போவுது. அடிக்கவும் பயமா இருக்கு, வந்து என்னன்னு பாருங்க."

எங்கள் ஊரில் கிழட்டுக் கிடாவை யாரும் பார்த்ததில்லை. ரெண்டு மூன்று வயசுக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. இதற்கு வயதாக ஆக, ஒரு கிடாவுக்கு வயதானால் என்னவெல்லாம் ஆகும் என்று ஊரே முதல் தடவையாகப் பார்த்தது. கொம்பு வளைந்து வளைந்து கன்னத்தைக் குத்தியதால் அப்பா ரம்பத்தால் நுனியை அறுத்துவிட்டிருந்தார். பிறகு பற்கள் விழுந்தன. சோளத்தட்டையைக் கடிக்க முடியாமல் வாயில் வைத்துக்கொண்டே நிற்குமாம். கடைசியில் அக்கா ஒரு குட்டியானை வண்டி பிடித்து, அதை ஏற்றிக்கொண்டு வந்து வைதேகி மாமியிடம் விட்டாள்.

5

அப்பாவின் வருஷத் திதிக்கு நானும் கயலும் வந்தோம். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் விடுப்பு இல்லை, இந்தத் தடவை நிஜமாகவே. காலையில் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் காரியம் முடித்தோம். அய்யர் சொன்ன மந்திரத்தைத் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொன்னேன். அப்பா பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் தடுமாறவில்லை. அங்கிருந்து ஆட்டோவில் கொள்ளிடக் கரைக்குப் போனோம். அக்காவும் கூட வந்தாள்.

கயல் விமானத்தில் ஏறும்போதே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கிடாவை யாரும் வெட்டக் கூடாது. சரி என்றேன், மனசாரத்தான் சொன்னேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு சிலுப்பல். பேத்தி வந்தாள், அவள் கையால் தண்ணீர் தெளித்தாள், கிடா தலையைச் சிலுப்பியது. இவ்வளவு நடந்தால் போதும். மீதியைக் கருப்பு மன்னித்துவிடும், அப்பாவும் மன்னித்துவிடுவார் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன்.

"இங்க மஞ்சத் தண்ணி, மாலை, பொட்டு ஒண்ணும் கூடாது" என்றார் மாமி. "சும்மா பாத்துட்டுப் போறேன்னு வருவா, சித்த நாழி கழிச்சுப் பாத்தா ஆட்டக் காணோம். அதுக்குத்தான் படிவமெல்லாம். தப்பா எடுத்துக்கப்படாது."

"இல்லங்க மாமி, பாக்கத்தான் வந்தோம்."

கிடா ஒரு தென்னையின் நிழலில் நின்றிருந்தது. வீடியோவில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. கறுப்பு மயிர் முதுகில் செம்பட்டையாக வெளுத்துவிட்டிருந்தது. மாமி அதற்குத் தவிட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார். அகத்திக்கீரையை மட்டும் சும்மா மென்று பார்க்குமாம். மூன்று கால் ஆடு ஒன்று தத்தித் தத்தி வந்து கயலை முகர்ந்து பார்த்தது. அவள் அதைத் தடவிக்கொடுத்துவிட்டு நேராகக் கிடாவிடம் போனாள். அது அவளைப் பார்த்தது. அடையாளம் தெரிந்தது என்று எழுத ஆசைதான். அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

சித்திரை வெயில். கிழட்டு ஆடுகளுக்கு மத்தியானம் மேலே தண்ணீர் விடுவார்களாம். மாமியே ஒரு வாளியும் சொம்பும் கொண்டுவந்து வைத்தார்.

"குழந்தையே விடட்டும். கழுத்துல, முதுகுல. காதுல ஜலம் போயிடாம பாத்துக்கோம்மா."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "தம்பி, அப்பாதான்டா இப்பிடி அமைச்சுக் குடுக்குறாரு. சிலுப்பட்டும். நாம மனசுக்குள்ள சொல்லிக்குவோம்."

கயல் சொம்பை எடுத்தாள். கிடாவின் பிடரியில் ஊற்றினாள். ரெண்டாவது சொம்பு. மூன்றாவது. தண்ணீர் மயிருக்குள் இறங்கிக் கழுத்து வழியாகச் சொட்டியது. நான் கை கூப்பிவிட்டேன், மாமி பார்ப்பதைக்கூட மறந்துவிட்டேன். வந்துட்டோம்ப்பா, கூட்டிட்டு வந்துட்டேன்ப்பா என்று உதட்டுக்குள் சொன்னேன். கிடாவின் காது லேசாகத் துடித்தது. கழுத்துத் தோல் ஒரு தடவை சுருங்கியது. நான் ஆடுகளோடு வளர்ந்தவன். சிலுப்புவதற்கு முன்னால் அப்படித்தான் சுருங்கும்.

சொம்பு கீழே விழுந்தது. கயல் ரெண்டு கையாலும் கிடாவின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதன் தலையைத் தன் மார்போடு அழுத்தி, ஈர மயிரில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஆட்டாதீங்க" என்றாள். "ப்ளீஸ், ஆட்டாதீங்க."

தாத்தா செத்த பிறகு அவள் தமிழ் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கிடாவுக்கும் அதே மரியாதை.

"கயல், விடும்மா. யாரும் வெட்ட மாட்டாங்க. அப்பா சத்தியம் பண்ணேன்ல?"

முகத்தை எடுக்காமல் ஜெர்மனில் பதில் சொன்னாள். "தாத்தாவிடமும் வருகிறேன் என்றுதான் சொன்னாய்."

அக்காவுக்கு ஜெர்மன் தெரியாது, "என்னடா சொல்றா?" என்று கேட்டாள். ஒண்ணுமில்லக்கா என்றேன். என்ன நடக்கிறது என்று மாமிக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். படிவத்தைக் காட்டி அதட்டுவார் என்று நினைத்தேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு மற்ற ஆடுகளிடம் போய்விட்டார்.

கிடா ரெண்டு தடவை தலையை உதற முயற்சி செய்தது. அவள் விடவில்லை. கிழட்டு உடம்பு, பிறகு அதுவும் சும்மா நின்றது. நான் அவள் கையைப் பிடித்து விலக்கியிருக்கலாம். ஒரே ஒரு நிமிஷம் போதும். அந்தப் பத்து வருஷத்தையும் அந்த ஒரு நிமிஷத்தில் சரிசெய்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அதே கைகள். எனக்கு மனசு வரவில்லை.

சிலுப்புகிற வரைக்கும் நகரக் கூடாது என்பது முறை. நானும் நின்றேன். அரை மணி, முக்கால் மணி. ஆட்டோக்காரர் ரெண்டு தடவை போன் செய்தார். வெயிலில் மயிர் காய்ந்துவிட்டது. காய்ந்த ஆடு சிலுப்பாது. மறுநாள் காலையில் விமானம், இன்னும் பெட்டிகூடக் கட்டவில்லை.

நான் நகர்ந்தேன்.

வாசலுக்குப் போகுமுன் கிடாவின் நெற்றியைத் தொட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அடுத்த வருஷம் வரோம்." அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

6

இப்போது பிரேமனில் பழைய வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் ஐந்தரை பஸ். நாள் முழுக்க இரும்பில் வெளியே தெரியாத விரிசலைத் தேடுகிறேன். சாயங்காலம் வீட்டில் ஜெர்மன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கயல் கிடாவின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். பால் எடுக்க, தயிர் எடுக்க, ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துத்தான் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது.

பதினோரு நாளைக்கு முன்னால் அக்கா போன் செய்தாள். கிடா செத்துவிட்டது. காலையில் கஞ்சி வைக்கப் போனபோது அப்படியே படுத்துக் கிடந்ததாம். மாமி தோப்பிலேயே குழி வெட்டிப் புதைத்துவிட்டார்.

"சாமிக்குன்னு விட்டது, தானாச் செத்துப்போச்சுடா" என்றாள் அக்கா. "ஊர்ல கேட்டா என்னன்னு சொல்ல?"

"வேற ஒரு கிடா விடலாமாக்கா?"

"யாரு விடுறது? நீயா?"

வேண்டுதல் நிறைவேறாமல் போனால் யாருக்காக வேண்டினார்களோ அவர்கள் மேல் அது வந்து நிற்கும் என்று ஊரில் சொல்வார்கள். அப்பா பயந்தது அதற்குத்தான். அதனால்தான் பத்து வருஷம் அந்தக் கிடாவைத் தன் தட்டுச் சோற்றைப் போட்டுக் காப்பாற்றினார். நான் இதை எல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் இந்தப் பதினோரு நாளாகக் கயல் இருமினால் எழுந்து போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். எந்தச் சாமியிடம் போய் நிற்பது என்று தெரியவில்லை. இங்கே கருப்பு இல்லை. என் பொய்யைக்கூடப் பதமாக எடுத்துச் சொல்ல அங்கே அப்பாவும் இல்லை.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வருகிறேன், எனக்குப் பழக்கமான காரியம்தானே. நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கதவில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள். கொஞ்ச நாளாகப் படித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"அப்பா, நாம் அடுத்த வருஷம் அவங்களைப் பார்க்கப் போறோமா?"

நான் தலையை ஆட்டினேன்.

"இது ஆமாவா, இல்லையா?"

"ஆமாம்மா" என்றேன். "அடுத்த வருஷம்."